பிளம்ஸ் உதிரியும் தரையில் நின்ற இரண்டு பேரும்

மலைமேல் இருக்கும் பனிக்கல்மேட்டில், பிளம்ஸ் மரங்கள் இலையே தெரியாமல் காய்த்துக் கிளை முறிந்த அந்த வருஷம், ஊராட்சித் தண்ணீர் திறந்துவிடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் வால்வு சாவியைத் திருப்பிக் கொடுக்காத சவரியப்பன் தன் பெண்டாட்டி லூர்தம்மாளுக்காக ஒரு பலகாரம் செய்தார். அதைத் தின்றவர்கள் எல்லாரும் தரையை விட்டு ஒரு சாணாவது மேலே எழும்பினார்கள். ஊர்க்காரர்கள் அதற்குப் பெரிதாக வியக்கவில்லை. பழம் இப்படிக் காய்த்துத் தள்ளுகிற வருஷத்தில் என்னவாவது நடக்கத்தான் செய்யும் என்று இருந்துவிட்டார்கள். அவர்கள் வாயைப் பிளந்தது வேறொன்றுக்காக. பலகாரம் செய்த சவரியப்பனே எழும்பவில்லை.

சவரியப்பன் ஒன்றை மனதில் வைத்தார் என்றால் வைத்ததுதான். தன் கல்யாணத்தன்று பெய்த மழையை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. மூன்றாம் வகுப்பில் தன்னை வெளியே நிறுத்திய வாத்தியாரை, அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாமல் பழிவாங்கினார். ஆனால் அவர் மன்னிக்காதவர்களின் வரிசையில் முதல் ஆளாக, யாரையும் முந்தவிடாமல் நின்றுகொண்டிருந்தவன் லூர்தம்மாளின் கூடப்பிறந்த தம்பி சூசை.

விஷயம் இதுதான். இருபது வருஷத்துக்கு முன் ஒரு கிறிஸ்துமஸுக்கு, பாதி வெட்டிய தகர டிரம்மை அடுப்பாக்கி, கீழேயும் மேலேயும் கங்கு போட்டு, சவரியப்பன் தன் வாழ்க்கையின் முதல் கேக்கைச் சுட்டு, தட்டில் வைத்துத் துணி மூடி மச்சினன் வீட்டுக்கு அனுப்பினார். அன்று கோயிலுக்கு வந்த சூசை தன் ஜீப்பைச் சரிவில் நிறுத்தினான். கைபிரேக் நிற்கவில்லை. சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கக் கல் தேடினான், கிடைக்கவில்லை. ஜீப்புக்குள் கேக் இருந்தது. பூசை முடிந்து வெளியே வந்த ஊர், பின் சக்கரத்துக்கு அடியில் ஓரம்கூடச் சிதையாமல் உட்கார்ந்திருந்த சவரியப்பனின் கேக்கையும், அது தாங்கி நிறுத்தியிருந்த ஜீப்பையும் பார்த்தது. சவரியப்பன் குனிந்து தன் கேக்கை உருவி எடுத்து, வேட்டியால் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். ஜீப் அவருக்குப் பின்னால் சரிவில் உருண்டு, முட்டைக்கோஸ் தோட்டத்தைக் கடந்து, தவளைக் குட்டையில் போய் இறங்கியது. அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. அன்றிலிருந்து சூசையின் தெருவுக்குத் தண்ணீர் கடைசியாகத்தான் வந்தது. தொட்டியின் அடிமண்டியும் தலைப்பிரட்டைகளுமாக வந்தது.

இப்படி இருக்கும்போது லூர்தம்மாளுக்கு வயிறு கெட்டது. கீழே பட்டணத்தில் இருந்த டாக்டர், கோதுமை கூடாது, அரிசி கூடாது, கேழ்வரகு, கம்பு, தினை என்று தானியம் எதுவும் வாயில் படக்கூடாது, பால், தயிர், வெண்ணெய், நெய் எதுவும் ஆகாது என்று சொல்லிவிட்டார்.

"அப்ப என்னத்தைத்தான் திங்கிறது?" என்று கேட்டார் சவரியப்பன்.

"மத்ததெல்லாம் சாப்பிடலாம்" என்றார் டாக்டர். சவரியப்பன் அவரையும் வரிசையில் நிறுத்திக்கொண்டு பஸ் ஏறினார்.

பனிக்கல்மேட்டில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல நாள் வந்தால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மற்ற வீடுகளுக்குப் பலகாரத் தட்டு போகும். தட்டு கொண்டுவந்தவர் நிற்கும்போதே வாங்கியவர் ஒரு வாயாவது சாப்பிட்டுக் காட்ட வேண்டும், இல்லையென்றால் தட்டை முகத்தில் எறிந்ததாக அர்த்தம். அந்த வருஷம் ஈஸ்டருக்கு வந்த தட்டுகளை எல்லாம் லூர்தம்மாள் வாங்கி, துணியை விலக்கி, மூக்கை நுழைத்து ஆழமாக இழுத்துவிட்டுப் புருஷனிடம் நீட்டினாள்.

"நீங்க ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டுங்க. வாசனை பிடிக்க வேண்டாம்னு டாக்டர் சொல்லலை, அதை நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

அது சவரியப்பனின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. வெளியூரில் நர்ஸாக இருந்த மகளுக்குப் போன் போட்டு, அம்மா தின்கிற மாதிரி ஒரு இனிப்புச் சொல் என்று கேட்டார். மகள் சொன்னாள், பழத்தை அடியில் போட்டு, மேலே மாவுக்குப் பதில் முந்திரியும் தேங்காயும் தூவிச் சுடுகிற பலகாரம் அது. அதற்கு ஒரு இங்கிலீஷ் பெயரும் சொன்னாள். அந்தப் பெயர் அவர் வாயில் நிற்கவில்லை. "உதிரி" என்று வைத்துக்கொண்டார்.

பழுத்த பிளம்ஸைக் கொட்டை நீக்கி அரிந்து, தட்டிய கருப்பட்டியும் சுக்குப் பொடியும் ஒரு சிட்டிகை உப்பும் புரட்டி, தகரத் தட்டில் பரப்பினார். முந்திரியை வறுத்துக் கொரகொரப்பாக இடித்தார். கொப்பரையைத் துருவிச் சேர்த்து, தேங்காய் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார். "பிசைஞ்சுடாதீங்கப்பா, விரல் நுனியால உதிர்த்து விடுங்க" என்று மகள் போனில் கத்தினாள். ஆயுசு முழுக்க வால்வு திருகிய கை, எதைப் பிடித்தாலும் இறுக்கித்தான் பழக்கம். அன்று மட்டும் பெண்டாட்டி முகத்தை நினைத்துக்கொண்டு இளகிக் கொடுத்தது. பழத்தின் மேல் தூவி, பழைய டிரம்முக்குள் வைத்து, மேலும் கீழும் கங்கு போட்டார். பழச்சாறு ஓரங்களில் கொப்பளித்து, மேல் தூள் பொன்னிறமாகி, கருப்பட்டி வாசனை கோயில் வரைக்கும் போனது.

லூர்தம்மாள் முதல் கரண்டி வாயில் போட்டு, கண்ணை மூடி, மென்று, "ஏங்க, இது உதிருதுங்க!" என்றாள், புருஷன் கைப்பட்ட ஒன்று உதிரும் என்று எதிர்பார்க்காதவளாக. மூன்றாவது கரண்டியில் அவள் பலகையை விட்டு எழும்பினாள். தட்டோடு நிதானமாக மேலே போய், பரண் உயரத்தில் நின்று, உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"போன வருஷமெல்லாம் தேடினீங்களே அந்தப் பித்தளை அண்டா, இங்கதான் கிடக்கு" என்றாள்.

"எடுத்துக் கீழே போடு" என்றார் சவரியப்பன். பிறகு அவரும் தின்றார். ஒரு தட்டு, இரண்டு தட்டு, மூன்று தட்டு. ஒன்றும் நடக்கவில்லை. உள்ளங்காலில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று தூக்கிப் பார்த்தார்.

அன்று சாயங்காலமே வீடு வீடாகத் தட்டு போனது, வீடு வீடாக ஆட்கள் எழும்பினார்கள். நாய்கள் மூன்று நாள் குரைத்துவிட்டு, தொண்டை கட்டிப்போய் விட்டுவிட்டன. மேலே போனவர்களை இறக்க ஒரு பிடி சோறு போதும் என்று டீக்கடை குருவம்மாள் கண்டுபிடித்தாள். சோறு தின்றால் இறங்கிவிடுவார்கள், ஆனால் மறுநாள் வரைக்கும் காய்ந்த சருகு கனம்தான் இருப்பார்கள். அதனால் ஊரில் எல்லாரும் துண்டு முனையிலும் முந்தானையிலும் ஒரு பிடி சோற்றை முடிந்துகொண்டு திரிந்தார்கள். கூரை ஓடு மாற்றுகிறவர்கள் ஏணியை விறகுக்குப் போட்டார்கள். அடுத்த வீட்டு மதிலுக்கு மேலாக எட்டிப் பார்க்கக் கூடாது என்று ஊராட்சி தண்டோரா போட்டது, போட்டவனே எட்டிப் பார்த்துக்கொண்டு போட்டான். பஸ்ஸில் கால் தரையில் படாதவர்கள், நாங்கள் நிற்கவும் இல்லை உட்காரவும் இல்லை, எதற்கு டிக்கெட் என்று கண்டக்டரோடு சண்டை போட்டார்கள். குருவம்மாள் மட்டும், மேலே மிதக்கிற ஆட்களின் காலிலிருந்து மண் டீயில் விழுகிறது என்று, கடைக்கு வருகிறவர்கள் காலைக் கழுவிவிட்டு மிதக்க வேண்டும் என்று சட்டம் போட்டாள். கோயிலில் முழங்காலிடும் நேரம் வந்தபோது பங்குச் சாமியார் கொஞ்சம் யோசித்து, "இருக்கிற இடத்திலேயே மடக்குங்க, பீடத்தைவிட உசரமா மட்டும் போயிடாதீங்க" என்றார். எல்லாரும் காற்றில் முழங்காலிட்டார்கள். மூட்டுவலிக்காரர்களுக்கு அது மிகவும் சுகமாக இருந்தது.

சூசை வீட்டுக்குத் தட்டு கொண்டுபோனது லூர்தம்மாள். வாசல் வழியாகப் போனால் கதவைச் சாத்துவான் என்று தெரிந்து, மதில் தாண்டி, கூரை தாண்டி, பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தவன் தலைக்கு மேலே போய் நின்றாள்.

"சாப்பிடுடா."

"அந்த ஆளு கைப்பட்டதை நான் தொடமாட்டேன்க்கா."

"தட்டு கொண்டுவந்தவ நிக்கிறேன். சாப்பிடலேன்னா என் மூஞ்சியில எறிஞ்ச மாதிரி."

வழக்கம் வழக்கம்தான். சூசை ஒரு வாய் தின்றான். பிறகு தட்டையே நக்கினான். எழும்பவில்லை. "பாத்தியா, இது என்னைத் தூக்கலை" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போனான். "அன்னைக்கு கேக்கு, இன்னைக்கு இது. அந்த ஆளு எது செஞ்சாலும் கல்லுதான்." அதைக் கேட்ட சவரியப்பன் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"உங்க ரெண்டு பேருக்கும் உள்ளே பாறை கிடக்கு, சவரியண்ணே" என்றாள் குருவம்மாள். "பிளம்ஸ் என்ன பண்ணும், பாவம்."

பாறை கிடந்தால் கிடக்கட்டும் என்று சவரியப்பன் இருந்திருப்பார், லூர்தம்மாள் இல்லாவிட்டால். மற்றவர்களுக்குச் சோறு இருந்தது. அவளுக்குச் சோறு ஆகாது. தின்பதோ தினமும் உதிரி; அதனால் இறங்காமல், நாளுக்கு ஒரு சாணாக ஏறிக்கொண்டே போனாள். சீக்கிரமே பரண் உயரம் கூரை உயரமாகி, கூரை உயரம் மரத்து உயரமாகிவிட்டது. காய்கறி மூட்டை கட்டும் நைலான் கயிற்றை அவள் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு சவரியப்பன் நடமாடினார். அவளுக்கு அது பிடித்திருந்தது. உச்சிக்கிளைப் பழங்களை எல்லாம் அவளே பறித்தாள்.

"உதிரியை விட்டுடு லூர்து. விட்டா மெல்ல மெல்ல இறங்கிடுவேன்னு நம்ம மக போன்ல சொல்லுது" என்று கெஞ்சினார்.

"இத்தனை நாளா மோந்து பாத்தே வயித்தை ரொப்பினேன். திருவிழா வரைக்கும் திம்பேன்" என்றாள் மேலிருந்து. "இல்லேன்னா நீங்களும் தம்பியும் பேசுங்க, இன்னைக்கே விட்டுடறேன்."

"திருவிழா வரைக்கும் தின்னு" என்றார் சவரியப்பன்.

திருவிழா என்றால் ஜூன் மாத அந்தோணியார் திருவிழா. வருஷா வருஷம் பாட்டை எடுத்துக் கொடுப்பவள் லூர்தம்மாள்தான், அவளை விட்டுவிட்டுச் சப்பரம் கிளம்பாது. சப்பரம் ஊரைச் சுற்றி, கொக்குப் பாறை வளைவு வழியாகத்தான் போகும். அந்த வளைவில் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஒன்றுமே கிடையாது, ஜூன் காற்றோ ஆளைத் தள்ளும். ஒரு ஆள் பிடித்த கயிறு அங்கே போதாது. சருகு கனத்தில் இருக்கிற ஊர்க்காரர்கள் பிடித்தால் அவர்களையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். கனமான ஆள் இன்னொருவன் ஊரில் சூசை மட்டும்தான்.

பங்குச் சாமியார் இருவரையும் குருவம்மாள் கடைக்குக் கூப்பிட்டார். ஒவ்வொரு தவக்காலத்திலும் இவர்களைச் சமாதானம் செய்யப் பிரசங்கம் வைத்துத் தோற்றவர் அவர்.

"உங்களை ரெண்டு பேரையும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கிறேன்" என்றார். "திருவிழா முடியிற வரைக்கும் சமாதானம் ஆயிடாதீங்க."

ஊரே இதில் இறங்கியது. இத்தனை வருஷமாக, "விட்டுக் கொடுங்கண்ணே" என்று சொன்ன பெண்கள், இப்போது காலையில் பார்த்தவுடன், "சவரியண்ணே, உங்க தண்ணி துரு நாத்தம் அடிக்குதுன்னு சூசை சொன்னாரு" என்றார்கள். அந்தப் பக்கம் போய், "சூசையண்ணே, உங்க ஜீப்பு தவளைக்குத்தான் லாயக்குன்னு சவரியண்ணன் சிரிக்கிறாரு" என்றார்கள்.

சாயங்காலம்தோறும் இருவரும் கயிறு பிடித்துப் பழகினார்கள். நேரில் பேச முடியாததால் கரண்டு கம்பத்தோடு பேசினார்கள்.

"போஸ்ட்டு, கயித்தை இடது கையில சுத்திக்கிட்டு ஒருத்தர் நிக்கிறாரு. வலது கைன்னு ஒண்ணு இருக்கிறதை யாராவது அவருக்குச் சொல்லுங்க" என்றான் சூசை.

"போஸ்ட்டு, கைபிரேக் போடத் தெரியாதவங்கல்லாம் கையைப் பத்திப் பேசுற காலம் வந்துடுச்சு" என்றார் சவரியப்பன்.

"ஆளைப் பாத்துப் பேசினா வாய் வெந்துடுமா?" என்று லூர்தம்மாள் மேலிருந்து சத்தம் போட்டாள்.

ஆனால் ஒரே கயிற்றை நாள் தவறாமல் பிடித்தால் என்ன ஆகுமோ அது ஆனது. ஒருநாள் சூசை கம்பத்தைப் பார்த்து, மெல்ல, "போஸ்ட்டு, சொல்லக் கூடாது, ஆனாலும் அந்த உதிரியில முந்திரி நல்ல பதமா வறுபட்டிருந்துச்சு" என்றான். இதில் எங்கே குத்தல் இருக்கிறது என்று சவரியப்பன் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இல்லை. அவருடைய குதிகால் தரையிலிருந்து லேசாகப் பிரிந்தது. பதறிப்போய் ஜீப்பை நினைத்தார், கேக்கை நினைத்தார். நினைத்து நினைத்தே தேய்ந்துபோன அந்தச் சங்கதி, கூழாங்கல் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. மறுநாள் காலை தண்ணீர் திறக்கப் போனபோது, அவருடைய கை அவரைக் கேட்காமல் சூசையின் தெருவுக்கு முதலில் திறந்துவிட்டது.

சூசை குடத்தை எடுத்துக்கொண்டு குருவம்மாள் கடைக்கு ஓடிவந்தான். "தண்ணி பளிங்கு மாதிரி வருது! ஒரு தலைப்பிரட்டைகூட இல்லை! ஏதோ தப்பு நடக்குது, எனக்குக் காலெல்லாம் கூசுது."

"வாயை மூடுங்க. சாமியார் காதுல விழுந்தா அழுதுடுவாரு" என்றாள் குருவம்மாள்.

திருவிழா அன்று சப்பரம் கிளம்பியது. தூக்கியவர்கள் எல்லாரும் உதிரி தின்றவர்கள் ஆனதால், அந்தோணியார் ஒரு குலுங்கலும் இல்லாமல் எண்ணெய் மேல் போவது போல் போனார். எல்லாருக்கும் மேலே, மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு, பாட்டை எடுத்துக் கொடுத்தபடி லூர்தம்மாள் போனாள். கீழே, சகதியில், ஒரே கயிற்றை முன்னும் பின்னுமாகப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் நடந்தார்கள்.

கொக்குப் பாறை வளைவில் காற்று வந்தது. சாமியார், "சோறு!" என்று கூவினார். துண்டுகளும் முந்தானைகளும் அவிழ்ந்தன. ஊர் மொத்தமும் ஒரே வாயாகச் சோற்றை விழுங்கி, உலுக்கிய மரத்துச் சருகு மாதிரி சாலையிலும் கேரட் தோட்டத்திலும் உதிர்ந்து, வேலியையும் மரத்தையும் கட்டிப்பிடித்துக்கொண்டது. சப்பரம் பத்திரமாகத் தரையில் உட்கார்ந்தது. லூர்தம்மாளுக்குச் சோறு இல்லை. மெழுகுவர்த்தி அணைந்தது, சேலை படபடக்க அவள் பள்ளத்தின் பக்கம் சாய்ந்தாள். கயிறு விறைத்தது.

சவரியப்பன் காலை ஊன்றினார். ஊன்றுவதற்குத் தரை இல்லை. கட்டைவிரல் மட்டும்தான் சகதியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் பார்த்தார், சூசையின் கட்டைவிரலும் அப்படியே.

"டேய் சூசை, என்னைத் திட்டுடா!" என்று கத்தினார். இருபது வருஷத்தில் நேருக்கு நேர் சொன்ன முதல் வார்த்தை.

"வரமாட்டேங்குது மச்சான்!" என்றான் சூசை.

அந்த 'மச்சான்' காதில் விழுந்ததும் இருவரும் இன்னொரு சாண் ஏறினார்கள். சவரியப்பனுக்குக் கண்ணீர் வந்தது, அதனால் இன்னும் ஒரு சாண். காற்று மூன்று பேரையும் கோத்த மாலை போல வளைவின் விளிம்புக்கு இழுத்தது. விளிம்புக்கு அப்பால் மேகம் மட்டும்தான் இருந்தது.

லூர்தம்மாள் மேலிருந்து பார்த்தாள். அவள் ஆசைப்பட்டதெல்லாம் நடந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் நடந்தால் மூன்று பேரும் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஏங்க! அந்த கேக்கு கல்லுதாங்க! கல்லுகூட ஜீப்பை அவ்வளவு நேரம் தாங்கியிருக்காது. தம்பி செஞ்சதுல ஒரு தப்பும் இல்லை. நான் சொன்னா வருத்தப்படுவீங்கன்னு இத்தனை வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்!"

சவரியப்பன் தொப்பென்று விழுந்தார். கணுக்கால் வரைக்கும் சகதியில் இறங்கினார்.

சூசை சிரித்தான்.

"நீ என்னடா இளிக்கிறே? ஜீப்பு உருண்டதுக்கு இவரா காரணம்? உனக்கு இன்னைக்கு வரைக்கும் வண்டி ஓட்டத் தெரியாது. கழுதையை வாங்கிக் கொடுத்திருந்தா அதுவே உன்னை ஓட்டிக்கிட்டுப் போயிருக்கும். அப்பாவே சாகும்போது அதைச் சொல்லித்தான் செத்தாரு!"

சூசை முழங்கால் வரைக்கும் இறங்கினான்.

அதற்குப் பிறகு எந்தக் காற்றும் அந்தக் கயிற்றை ஒன்றும் செய்ய முடியவில்லை. அடித்து இறக்கிய இரண்டு முளைக்குச்சிகளைப் போல அவர்கள் நின்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, கை மாற்றிக் கை மாற்றி, லூர்தம்மாளைப் பட்டத்தைப் போல இழுத்து இறக்கினார்கள்.

"கேட்டியாடா உங்க அக்கா சொன்னதை?" என்றார் சவரியப்பன்.

"கேட்டேன் மச்சான். எங்க அப்பாவை இழுத்தாளே, பாத்தீங்களா?" என்றான் சூசை.

"கல்லாம்!"

"கழுதையாம்!"

லூர்தம்மாள் சொன்ன வார்த்தை மாறாமல் அன்றோடு உதிரியை நிறுத்தி, நாளுக்கு ஒரு சாணாக இறங்கி வந்தாள். தரை தொட்ட பிறகு, ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஒரு கரண்டி என்று வைத்துக்கொண்டாள். ஞாயிறுதோறும் சூசை அக்காள் வீட்டுக்கு வந்துவிடுகிறான். மச்சான்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே தட்டில் உதிரி தின்றுகொண்டு, காது கேட்கிற தூரத்தில் வைத்தே லூர்தம்மாளை வாய் ஓயாமல் குறை சொல்கிறார்கள். பெஞ்சு பாரம் தாங்காமல் கிரீச்சிடுகிறது. அவள் கூரைக்குக் கீழே மிதந்தபடி, கரண்டியை நக்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்கிறாள்.

வால்வு சாவி இன்னும் சவரியப்பனிடம்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் சூசையின் தெருவுக்குத்தான் முதல் தண்ணீர். கடைசித் தண்ணீர் லூர்தம்மாள் குடியிருக்கிற வீட்டுக்கு, அவள் சொன்ன சொல்லுக்குத் தண்டனையாக. தினமும் காலையில் சவரியப்பன் அந்தத் தண்ணீரைச் செம்பில் மொண்டு, தலைப்பிரட்டைகளை விரலால் ஒதுக்கிவிட்டு, கம்பீரமாகக் குடிக்கிறார்.